உருளைக்கிழங்குக்கு எத்தனை மார்க்?

கடைக்கு வருகிறவர்களில் பல ரகம் உண்டு. தக்காளியை, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி கிள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போகிறவர் ஒரு ரகம். இனிப்பாக இருக்கிறதா என்று பார்க்கத் திராட்சையில் ஒன்றை வாயில் போட்டு, சந்தேகம் தீராமல் இன்னொன்று போட்டு, ஒரு குலை முடிந்த பிறகும் சந்தேகம் தீராமல் ஆப்பிள் பக்கம் நகர்கிறவர் ஒரு ரகம். இவர்களெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. காய்கறிப் பிரிவில் எடை போட்டு விலைச்சீட்டு ஒட்டுவது என் வேலை. பதினோரு வருடமாக அதே தராசு, அதே ஸ்டூல், பின்னால் அதே பிளாஸ்டிக் பைச் சுருள். இங்கே உட்கார்ந்தபடியே மனித குலம் மொத்தத்தையும் பார்த்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கடைவாத்தியார் வந்து சேர்ந்தார்.

கடைவாத்தியார் என்ற இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் நிஜ வாத்தியார் இல்லை. நிஜ வாத்தியார்கள் விடுமுறை நாளில் கடைக்கு வந்தால் வாயையே திறப்பதில்லை. பிள்ளை ஏதாவது கேட்டால் கொட்டாவி விட்டுவிட்டு, "அம்மாகிட்ட கேளு" என்பதோடு சரி. கடைவாத்தியார் வாரம் முழுக்க வேறெங்கோ வேலை பார்க்கிறவர். அங்கே அவரிடம் யாரும் எதையும் விளக்கச் சொல்வதில்லை. அவராக விளக்க ஆரம்பித்தாலும் எதிரே இருப்பவருக்குத் திடீரென்று போன் வந்துவிடுகிறது. ஐந்து நாள் அடக்கிவைத்த விளக்கம் எல்லாம் ஆறாவது நாள் எங்கே போகும்? கையைப் பிடித்துக் கூட்டி வந்த பிள்ளையின் மேல்தான் போகும்.

அடையாளம் சொல்கிறேன். மற்றவர்கள் தள்ளுவண்டியைத் தள்ளுவார்கள்; இவர் நிறுத்துவார். எந்த இடத்தில் நிறுத்தினால் முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்வார்களோ, சரியாக அந்த இடத்தில் நிறுத்துவார். பிறகு முட்டி மடக்கிப் பிள்ளையின் உயரத்துக்கு இறங்குவார். "நாம இப்ப என்ன பாக்குறோம்?" என்று கேட்பார். பார்ப்பது உருளைக்கிழங்கு. அது அவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும், வழி கிடைக்காமல் பின்னால் நிற்கிற ஏழு பேருக்கும் தெரியும். ஆனால் "உருளைக்கிழங்கு" என்று சொன்னால் மார்க் கிடையாது. மாவுச்சத்து என்று சொல்ல வேண்டும்.

எங்கள் கடைக்கு வாய்த்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் பீரியட் சார். தண்ணீர் வாரியத்தில் பழுதான மீட்டர்களைக் கணக்கெடுத்து அலமாரியில் அடுக்கிவைக்கும் பிரிவில் இருக்கிறார். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கதவு திறந்ததும் நுழைவார். ஒரு கையில் மகள், எட்டு வயது, நாங்கள் சிட்டு என்போம். வண்டியின் குழந்தை இருக்கையில் நாலு வயதுத் தம்பி. இவன் பிறந்ததே இந்தப் பள்ளிக்கூடத்தில் என்பதால், தும்மல் வந்தால்கூடக் கையைத் தூக்கி அனுமதி வாங்கிவிட்டுத்தான் தும்முவான்.

காய்கறி என்றால் கணக்குப் பீரியட். முட்டை அடுக்கு இருக்கும் இடம் அறிவியல். ஒரு டஜனில் ஒன்று உடைந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஆர்வத்தில் தானே ஒன்றைக் கீழே போட்டு, விழுகிற பொருள் வேகம் கூடிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்து நிரூபித்துவிடுவார். சோப்புத் தூள் அலமாரி மொழிப்பாடம்: 'இருமடங்கு வெண்மை' என்றால் எதைவிட இருமடங்கு? ஐஸ் பெட்டி வரிசை பூகோளம். அங்கே துருவப் பிரதேசத்தை அனுபவித்தே புரிந்துகொள்ள வேண்டும் என்று பெட்டியின் கண்ணாடியைத் தள்ளித் திறந்து இரண்டு பிள்ளைகளையும் அதற்குள் தலையை நீட்டச் சொல்லி, பெங்குவின்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன என்று கேட்பார். அதற்குள் பிள்ளைகள் பல் கிடுகிடுக்க ஒன்றோடொன்று ஒட்டித்தான் நிற்கும். "பாத்தீங்களா, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க" என்பார்.

பணம் கட்டும் வரிசை குடிமைப் பயிற்சி. பொறுமை என்றால் என்ன என்று அங்கே கற்றுத்தருவார். அதை அவருக்குப் பின்னால் நிற்பவர்கள்தான் அதிகம் கற்றார்கள்.

இவர் கொண்டுவரும் மளிகைப் பட்டியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பட்டியல் இல்லை, வினாத்தாள். 'உரித்தால் அழவைக்கும், ஆனால் அடிக்காது. அது எது? (இரண்டு கிலோ)'. 'கடலில் பிறந்தது, கடலுக்குப் போனால் காணாமல் போகும். (ஒரு பாக்கெட்)'. ஒருமுறை இவருக்குக் காய்ச்சல் வந்து, இவருடைய மச்சான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டார். லாரி ஓட்டுகிற மனிதர். எந்த ஊர்ச் சந்திலும் லாரியைத் திருப்பிவிடுகிறவர், என் தராசுக்கு முன்னால் வேர்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, 'தலையில கிரீடம், உடம்பெல்லாம் முள்ளு, உள்ள தேன்', இது என்னண்ணே?"

"அன்னாசிப்பழம் தம்பி."

"நல்லவேள. நான் எங்க மாமியார்னு நெனச்சேன்."

பன்னிரண்டில் ஐந்துதான் சரியாக வாங்கிக்கொண்டு போனாராம். பீரியட் சார் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்தி, 'இன்னும் முயற்சி தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். மச்சான் அதன் பிறகு அந்தத் தெருவில் லாரியை நிறுத்துவதில்லை.

அப்படியானால் அந்த வீட்டில் என்னதான் சமைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. புதன்கிழமை சாயங்காலம் ஒரு அம்மா வருவார். கால் மணி நேரத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டிய அத்தனையும் வாங்கிவிடுவார். அவர்தான் பீரியட் சாரின் வீட்டுக்காரம்மா என்று எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. "அவரு வாங்கிட்டு வர்றது பாடத்துக்கு. நான் வாங்குறது சமையலுக்கு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். நான் சொல்லவில்லை. அவரவர் பீரியட் அவரவருக்கு.

இதில் என் நிலைமையைக் கேளுங்கள். எடை ஊகிப்பது என்று ஒரு பாடம். சிட்டு பையைக் கையில் தூக்கிப் பார்த்து எத்தனை கிராம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் தராசில் வைக்கலாம். "விடைய மாமா சொல்வாரு" என்று என் பக்கம் கையைக் காட்டுவார். பதினோரு வருடம் எடை போட்டவன் ஒரே நாளில் கடைசிப் பக்கத்து விடைப்பட்டியல் ஆனேன்.

ஒருநாள் சிட்டு யோசித்துக்கொண்டிருக்கும்போதே வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நானூத்தி அறுவது." தராசில் வைத்தேன். நானூற்று அறுபத்திரண்டு. திரும்பிப் பார்த்தால், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். முப்பத்தைந்து வருடம் பார்சல் தூக்கிய கை. அந்த இரண்டு கிராம் பிளாஸ்டிக் பை என்று வாதாடினார். அது உண்மைதான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் ஒன்பது மணிக்கே வந்து கதவு திறக்கக் காத்திருக்கத் தொடங்கினார். அவரைத் தோற்கடிக்க ஒரு தையல்கார அம்மா வந்தார். தையல்கார அம்மாவைத் தோற்கடிக்க அவருடைய நாத்தனார் வந்தார். யாரும் எதுவும் வாங்குவதில்லை. பூசணிக்காயைத் தூக்குவார்கள், கண்ணை மூடுவார்கள், எண் சொல்வார்கள், வைப்பார்கள். ஒரே பூசணி ஐந்து வாரம் எடை போடப்பட்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. அது இளைப்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னார் தபால்காரர்.

இந்த அமர்க்களத்தின் நடுவில் சிட்டுவைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். கெட்டிக்காரப் பெண். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். ஆனால் அப்பா வாயைத் திறக்கும்போதெல்லாம் அதன் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிடும். அடி வாங்காத பிள்ளைக்கு அப்படித் தோள் ஏறுவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அதன் ஒன்பதாவது பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்து விழுந்தது. பீரியட் சார் மலர்ந்த முகத்தோடு என் தராசின் முன்னால் வண்டியை நிறுத்தினார். "இந்தக் கடையில உனக்கு எது வேணும்னாலும் ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று சொன்னார். நான் சந்தோஷப்படுவதற்குள், "எதுக்குன்னு மூணு காரணம் சொல்லணும், அவ்வளவுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

சிட்டு யோசிக்கவே இல்லை. பல நாள் யோசித்து வைத்திருந்தது.

"எனக்குப் பொருள் எதுவும் வேண்டாம்ப்பா. இன்னிக்கு வெளிய போற வரைக்கும் நீங்க என்கிட்ட கேள்வி கேக்கக் கூடாது."

பீரியட் சாரின் முகம் விழுந்ததைப் பார்த்து அதற்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கி வந்தது.

"சரி, கேளுங்க. ஆனா உங்களுக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியக் கேக்கக் கூடாது. தெரியாததத்தான் கேக்கணும்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார் அப்பா.

"எடை மாமாதான் சாட்சி."

நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் முறையாக அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பதவி உயர்வு. இன்றைக்கு ஒருநாளாவது இந்தப் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பீரியட் சார் உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தார். "இது மண்ணுக்கு..." என்று ஆரம்பித்தார். அவருக்குத் தெரியும். வைத்துவிட்டார். தக்காளியை எடுத்தார். அது பழமா காயா? தெரியும். வெங்காயம் ஏன் அழவைக்கிறது? தெரியும். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று ஒவ்வொன்றாக எடுத்தார், வாயைத் திறந்தார், மூடினார், வைத்தார். கண்ணாடித் தொட்டி மீன் ஒன்று கடைக்குள் சட்டை போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருந்தது.

பிறகு தந்திரம் பண்ணிப் பார்த்தார். சிட்டுவுக்குக் கேட்கிற மாதிரி உரத்த குரலில் தபால்காரரிடம், "ஏன் சார், கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் எதனால வருது?" என்றார்.

"எனக்குக் கிராம் மட்டும்தான் தெரியும்" என்றார் தபால்காரர்.

"அப்பா, இது போங்கு" என்றது சிட்டு. "மாமா, நீங்க சொல்லுங்க."

"போங்குதான் சார்" என்றேன். பதினோரு வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொன்ன மிகக் கடுமையான வார்த்தை அது.

அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. கடை அந்த மாதிரி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை. தையல்கார அம்மா பூசணியைத் தூக்கிவிட்டு யாரும் கேட்காததால் எண் சொல்லத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். முட்டைப் பகுதியைத் துடைக்கிற பெண், முன்னெச்சரிக்கையாகத் துடைப்பத்தோடு நின்றவர், முட்டை எதுவும் விழாததைக் கண்டு பயந்துபோய் ஓடிவந்து, "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் விசாரித்தார். ஐஸ் பெட்டியின் முன்னால் பீரியட் சார் வெகுநேரம் நின்றார். பெங்குவின்களைப் பற்றி அவருக்கு அத்தனையும் தெரிந்திருந்தது. மேலாளர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார்.

சிட்டுவோ வண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கடை நடுவில் தள்ளிக்கொண்டு போனது. தள்ளியது, நிறுத்தவில்லை. இரண்டாவது சுற்றில் அதன் தோள் இறங்கியிருந்தது. மூன்றாவது சுற்றில் ஏதோ முணுமுணுத்துப் பாடியது. அந்தக் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்று சமாளித்தேன்.

பிஸ்கட் அலமாரி என் தராசுக்கு நேர் எதிரே. நாலாவது சுற்றில் வண்டி அங்கே வந்தபோது பீரியட் சார் முன்னால் போய் நின்றார். பழக்க தோஷத்தில் ஒரு பாக்கெட்டை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தைப் பார்த்தார். நூறு கிராமில் எவ்வளவு சர்க்கரை என்று அவருக்குத் தெரியும். மாவு எவ்வளவு, உப்பு எவ்வளவு, எந்த நாளுக்குள் தின்று தீர்க்க வேண்டும், எல்லாம் தெரியும். திடீரென்று கை நின்றது. பாக்கெட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்டவர் மாதிரி முகம் ஆகிவிட்டது.

"உனக்கு... இதுல எந்த பிஸ்கட் புடிக்கும்?"

சிட்டு என்னைப் பார்த்தது. நான் பீரியட் சாரைப் பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை அந்த மனிதருக்கு. தலையை ஆட்டினேன். கேள்வி செல்லும்.

பிள்ளை அலமாரியின் முன்னால் நின்றது. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை பார்த்தது. கீழிருந்து மேலே பார்த்தது. எதற்கும் சட்டென்று பதில் சொல்கிற பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

"தெரியலப்பா."

"ஏன் கண்ணு? இத்தன வருஷமா பாக்குறமே."

"எல்லாத்தையும் பின்பக்கம்தானே பாத்திருக்கோம். முன்பக்கம் எது எதுன்னு எனக்குத் தெரியாது."

தம்பி வண்டியிலிருந்து கையைத் தூக்கினான். பீரியட் சார் தலையசைத்ததும், "ஆப்ஷன் இருக்கா?" என்று கேட்டான்.

அப்பா அலமாரிப் பக்கம் திரும்பினார். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக முன்பக்கம் திருப்பி அடுக்க ஆரம்பித்தார். அலமாரி முழுக்க அடுக்கினார். பிறகு ஒன்பது வகையில் ஒவ்வொரு பாக்கெட் எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டார். மூவரும் பணம் கட்டிவிட்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குச் சத்தம் கேட்காது. சிட்டு கடித்தது, முகத்தைச் சுளித்தது, அடுத்ததைக் கடித்தது. பீரியட் சார் வாயைத் திறந்தபோதெல்லாம் அதற்குள் ஒரு பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டதை மட்டும் பார்த்தோம். ஏழாவது பாக்கெட்டில் பெண் தலையை ஆட்டியது. தபால்காரர் கைதட்டிவிட்டார்.

இதோடு கதை முடிந்து ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்த சனிக்கிழமை ஒன்பதரைக்குப் பீரியட் சார் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அட்டையில் 'எனக்குத் தெரியாதவை' என்று எழுதி, கோடு போட்டு, பத்தி பிரித்திருந்தார். சிட்டுவிடம் எதுவும் கேட்கவில்லை. அது தம்பியைத் தள்ளிக்கொண்டு எங்கோ பாடிக்கொண்டு போய்விட்டது. எங்களைப் பிடித்துக்கொண்டார். துடைக்கிற பெண்ணிடம், மழை நாளில் தூங்கப் பிடிக்குமா என்று கேட்டார். தையல்கார அம்மாவிடம், தைக்காத நேரத்தில் கை என்ன செய்யும் என்று கேட்டார். மேலாளரிடம் என்ன கேட்டாரோ, அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அன்று முழுக்க வரவில்லை.

கடைசியாக என் தராசுக்கு வந்தார். பேனாவைத் திறந்தார்.

"தம்பி, உங்களுக்கு எந்தக் காய் புடிக்கும்?"

பதினோரு வருடம். எத்தனை ஆயிரம் பைகள் என் கையைத் தாண்டிப் போயிருக்கும். ஒவ்வொரு காய்க்கும் தராசில் அழுத்த வேண்டிய எண் எனக்குத் தூக்கத்திலும் வரும். ஸ்டூலில் உட்கார்ந்தபடி எதிரே இருந்த குவியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வரிசை நீண்டது. "அவசரமில்ல, யோசிங்க" என்றார் தபால்காரர்.

அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் நோட்டில் என் பெயருக்கு எதிரே அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லவேளை நான் அந்த ரகம் இல்லை, எனக்குக் கடையில் பாடம் நடத்தும் பழக்கம் கிடையாது என்று நிம்மதியாக இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது இதைத் திரும்பப் படித்துப் பார்க்கையில்தான் கவனிக்கிறேன்: விளக்கமெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன், என்ன சமைக்கிறார்கள் என்று தோன்றுகிறதா என்று கேட்டேன். எல்லாம் எனக்குப் பதில் தெரிந்த கேள்விகள். சிட்டு பக்கத்தில் இருந்திருந்தால் போங்கு என்று சொல்லியிருக்கும்.

அதனால் தெரியாத கேள்வி ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் இருக்கிற ஒருவரிடம், பதில் தெரியாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டும் நீங்கள் கடைசியாக என்ன கேட்டீர்கள்?

அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். நாலு மார்க்.